கண்கட்டி வந்தால் என்ன செய்வது?



போன மாதம் நம் வகுப்புக்கு வரும் ஒரு அக்காவுக்கு இமை ஓரத்தில் கட்டி வந்தது. நகத்தால் பிதுக்கிவிட்டார். மறுநாள் இமை முழுவதும் வீங்கிவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை.

அது கண்கட்டி. உடல் சூட்டால் வருவது என்கிறோம். அது சரியல்ல. இமையில் சிறிய எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. அவை அடைபட்டுக் கிருமி சேர்ந்தால் கட்டி வரும். சிவக்கும், வலிக்கும்.

என்ன செய்யலாம்? சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழியுங்கள். சூடு பொறுக்குமா என்று மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். கண்ணை மூடி 10 நிமிடம் ஒற்றடம் கொடுங்கள். ஒரு நாளைக்கு 4 முறை கொடுங்கள். பெரும்பாலும் 1 அல்லது 2 வாரத்தில் ஆறிவிடும்.

கட்டியைப் பிதுக்காதீர்கள். இமை முடியைப் பிடுங்காதீர்கள். நாமக்கட்டி, தாய்ப்பால் எதுவும் போட வேண்டாம். ஆறும்வரை மை தீட்ட வேண்டாம்.

வலி இல்லாத கட்டியும் உண்டு. அதற்கும் ஒற்றடம்தான். கரையச் சில வாரங்கள் ஆகும்.

இமை முழுவதும் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வயதானவருக்கு ஒரே இடத்தில் மறுபடியும் வந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்த அக்காவும் போனார். மருந்து கொடுத்தார்கள். கண் சரியாகிவிட்டது. இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து படிக்கிறார்.