போலி எனப்பட்ட மரபணுக்கள்



வெள்ளிவிழா மேடையில் கோழியைப் பற்றிப் பேச வந்துள்ளோம், நகைக்க வேண்டா. 1911-இல் பெய்டன் ரவுஸ் என்னும் அமெரிக்க அறிஞர், கோழிக்குப் புற்றுநோய் உண்டாக்கும் நச்சுயிரியைக் கண்டறிந்தார். அதற்கு நோபல் பரிசு கிடைக்க 1966 வரை காத்திருந்தார். அந்நச்சுயிரியின் 'சார்க்' மரபணு நலமுள்ள கோழியின் உயிரணுவிலும் உண்டு என்பதை 1976-இல் பிஷப், வார்மஸ் குழுவினர் காட்டினர்.

கோழியின் மலவாய்க்கு அருகில் பேப்ரீசியஸ் பை என்னும் உறுப்பு உள்ளது. அதன் பயன் நெடுங்காலம் விளங்கவில்லை. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்னும் ஆய்வு மாணவர் அப்பையை நீக்கிய கோழிகளை வளர்த்தார். உடன்மாணவர் சாங், வகுப்புச் செய்முறைக்காக அவற்றைக் கேட்டுப் பெற்றார். அவற்றின் குருதியில் எதிர்ப்பொருள் தோன்றவில்லை! பையின் பயன் வெளிப்பட்டது. புகழ்பெற்ற இதழொன்று மறுத்த அக்கட்டுரையைக் கோழி வளர்ப்பியல் இதழொன்று 1956-இல் வெளியிட்டது.

அப்பைக்குள் நிகழ்வது யாது? எதிர்ப்பொருளின் ஒரு கூறாகிய இலகு சங்கிலியின் நுனியை வகுக்கக் கோழிக்குச் செயல்படும் மரபணு ஒன்றே உண்டு. அதனருகே 25 'போலி மரபணுக்கள்' உள்ளன. அவை தனித்து இயங்கமாட்டா; அதனாலேயே அப்பெயர். ஆயினும் அவற்றின் துண்டுகளே செயல்படும் மரபணுவினுள் படியெடுக்கப்பட்டு, எண்ணற்ற வகை எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. 1987-இல் பிரெஞ்சு அறிஞர்கள் ரேனோ, வெய்ல் குழுவினர் இதனை விளக்கினர். அதே பையின் உயிரணுவில் வேறொரு நச்சுயிரி 'மிக்' மரபணுவின் அருகே புகுந்து அதனை முடுக்கினால் புற்றுநோய் பிறக்கிறது. இஃது 1981-இல் அறியப்பட்டது.

மரபணு மனிதருள் உயர்வு தாழ்வு கூறுவதன்று. நாம் சொல்ல வந்தது வேறு. போலி என்னும் பெயர், பெயரிட்டவரின் அன்றைய அறிவின் எல்லையையே காட்டிற்று. நாம் பள்ளியில் பயின்ற நாளில், "உனக்கு அறிவியல் எதற்கு?" என்றார் ஓர் ஆசிரியர். அச்சொல்லை நம்பினோம், கலைப் பட்டமே பெற்றோம். இன்று கூறிய செய்திகளை ஐம்பது அகவைக்குப் பின்னரே, ரோமன் ரோலண்ட் நூலகத்தில் அமர்ந்து கற்றோம். அந்த இழப்பு நம்மோடு ஒழியட்டும்.

கோரிமேட்டில் ஜிப்மர் உள்ளது. நம் பிள்ளைகள் அங்கே புற்றுநோயை ஆராய்பவராகவும் நுழைதல் வேண்டும். பிள்ளையை அறிவியல் பிரிவில் சேர்க்கத் தயங்கும் பெற்றோர் இன்றே நம்மிடம் வருக. விண்ணப்பம் எழுதித் தருவோம், கணக்கும் கற்பிப்போம்.