பிள்ளை சாப்பிட்டதா?

(பிலிமத்தலாவையில் உயர்தர வகுப்பு, பல்கலைக்கழக மாணவர்களின் பெற்றோருக்கு நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நம்ம லயத்துப் பிள்ளைகள் இன்றைக்குக் கண்டியில் ஏ.எல். படிக்கிறார்கள், பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் படிக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அடிக்கடி என் காதில் விழுகிற குறை ஒன்று: "ஐயா, பிள்ளைக்கு கெஸ்ட்ரைட்டிஸ்."

விடியக்காலையில் உங்களுக்குப் பிரட்டுக்குப் போகிற அவசரம். பிள்ளைக்கு பஸ் பிடிக்கிற அவசரம். ஒரு கோப்பை சாயத்தண்ணியோடு ஓடுகிறது. இடைவேளையில் ஒரு ரோல்ஸ், சில நாள் அதுவும் இல்லை. இரவில்தான் வயிறு முட்டச் சோறு, உடனே படுக்கை. சாப்பாட்டைக் கரைக்க இரைப்பையில் அமிலம் சுரக்கிறது. வெறும் வயிற்றில் கடுஞ்சாயம் போனால் அது இன்னும் கூடும். நெஞ்செரிவு, புளியேப்பம் எல்லாம் வரும். நாமே பறிக்கிற கொழுந்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டுக் குடிக்கட்டும்.

விடுதிப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பகல் சாப்பாட்டை விடுவது பசியில்லாமல் அல்ல. அம்மா கொழுந்தெடுத்து அனுப்புகிற காசு என்று அதுக்குத் தெரியும். சோற்றுப் பார்சல் காசை போட்டோக்கொப்பிக்கு வைத்துக்கொள்ளும். கேட்டால் "சாப்பிட்டேம்மா" என்று சொல்லும். போனில் படிப்பைக் கேட்பதற்கு முன்னால் மத்தியானம் என்ன கறி என்று கேளுங்க. பதில் இழுத்தால் விளங்கிக்கொள்ளுங்க.

அடுத்தது மாத்திரை. தலையிடிக்கு அஸ்பிரின், மாதவிடாய் வலிக்கு இபுபுரோபன் என்று கடையில் வாங்கி வெறும் வயிற்றில் போடுகிறார்கள். இவை இரைப்பையைப் புண்ணாக்கக்கூடியவை.

எல்லாப் புண்ணும் பட்டினியால் வருவதுமில்லை. 1982இல் அவுஸ்திரேலியாவில் ரொபின் வொரன், பரி மார்ஷல் என்ற இரண்டு வைத்தியர்கள் இரைப்பையில் வாழுகிற ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். மற்ற டொக்டர்மார் லேசில் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்று நோயை வரவழைத்துக் காட்டினார்! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமியை ஒன்றிரண்டு கிழமை மருந்திலேயே போக்கலாம். ஆனால் சோதித்துப் பார்த்து வைத்தியர்தான் தர வேண்டும். சம்பலில் கொச்சிக்காயைக் குறைத்தால் கிருமி சாகாது.

மலம் தார் மாதிரிக் கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே பேராதனை ஆஸ்பத்திரிக்கோ கண்டிக்கோ கொண்டு போங்க. இரும்புச்சத்து மாத்திரை குடித்தாலும் கறுப்பாகப் போகும், அதையும் டொக்டரிடம் சொல்லுங்க. உடம்பு மெலிந்துகொண்டே வந்தாலும், விழுங்கக் கஷ்டமென்றாலும், சோதனை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

பொம்பளைப் பிள்ளைகள் கக்கூஸ் சுத்தமில்லையென்று பகல் முழுக்கத் தண்ணி குடிப்பதில்லை. மலச்சிக்கல் அதிலும் வருகிறது. இதை மகளிடம் தாய்மார்தான் பேச வேண்டும், நான் கேட்டால் சொல்லாது.

இரவு ரொட்டி சுடும்போது இரண்டைக் கூடச் சுட்டு வையுங்க. அவித்த கடலை, ஒரு வாழைப்பழம், கொதித்தாறிய தண்ணி ஒரு போத்தல், இவ்வளவும் பையில் இருந்தால் பகல் கழியும்.

கேள்வி இருப்பவர்கள் இப்போது கேட்கலாம். எல்லார் முன்னாலும் கேட்க வெட்கமென்றால் கூட்டம் முடிந்த பிறகு வாங்க, நான் இங்கேதான் இருப்பேன்.