குழந்தைகளுக்கு எழுதக் கற்பித்தல்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஓர் உபாத்தியாயினி நிகழ்த்திய பிரசங்கம்)



ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களுக்கென நடைபெற்ற பயிற்சி வகுப்பொன்றிற்குச் சென்று வந்தேன். அங்கே அறிந்தவற்றுள் பெற்றோர்களுக்குப் பயன்படத்தக்க சிலவற்றைக் கூறுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தபடியால் உங்கள் முன் நிற்கின்றேன்.

2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயின் காரணமாகப் பாடசாலைகள் நெடுநாள் மூடிக்கிடந்தன. அதனால் எழுத்துப் பழக்கம் குன்றிய சிறுவர்களைக் கைதூக்கி விடுதற்பொருட்டு, நம் அரசாங்கத்தார் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினர். வகுப்பை மட்டும் நோக்காது, குழந்தை அறிந்த அளவை நோக்கி, அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பகுத்துக் கற்பிக்க ஏற்பாடாயிற்று.

குழந்தையின் நிலையறிந்து கற்பித்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே பனையோலையும் எழுத்தாணியும் கைக்கு வந்தன. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் கையாண்டார். 1797-ஆம் ஆண்டில் லண்டனில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என அது இங்கிலாந்திற் பரவிற்று. திண்ணைப் பள்ளியின் பிரம்பை நான் புகழவில்லை, மணலையே புகழ்கின்றேன். மணலில் பிழையை அழிப்பது எளிது. ஆதலின் அங்கே குழந்தைக்கு அச்சமில்லை.

நிற்க. நம் வீடுகளில் நடப்பதென்ன? குழந்தை புத்தகத்தைப் பார்த்துப் பத்துப் பக்கம் பெயர்த்தெழுதினால், முத்துமுத்தான கையெழுத்தென்று மகிழ்கின்றோம். தானாக இரண்டு வரி எழுதினாலோ, லகர ளகர ழகரப் பிழைகளையெல்லாம் சிவப்பு மையால் வளைத்துத் தலையிற் குட்டுகின்றோம். மறுமுறை அக்குழந்தை பிழை நேராத சொற்களையே தேடி எழுதும். நாளடைவில் சொல்ல விரும்பியதையே விட்டுவிடும். பெயர்த்தெழுதுவது கைக்குப் பழக்கம். தானே எழுதுவது கருத்துக்குப் பழக்கம். இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றாகாது.

எழுதுமுன் பேசவிடுங்கள். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டதைக் கண்ட குழந்தையை, “எந்தப் படிவரை தண்ணீர் ஏறிற்று? முதலில் எதை எடுத்து மேலே வைத்தீர்கள்?” என்று கேளுங்கள். மடை திறந்தாற்போல் சொற்கள் வரும். அவற்றுள் மூன்று வாக்கியங்களை எழுதச் செய்யுங்கள். பத்தமடைக் குழந்தைக்குக் கோரையும் பாயும், அம்பாசமுத்திரத்துக் குழந்தைக்கு நாற்றும் வயலும் இவ்வாறே பொருளாகும். ‘ஏலே’ என்னும் நம்மூர்ப் பேச்சு கலந்தாலும் கலக்கட்டும். செந்நடை பின்னர் வரும். பிழைகளை ஒரு தடவைக்கு ஒருவகையாகவே திருத்துங்கள்.

தன் குறையைத் தானே மனுவாக எழுதமாட்டாதவர், பிறர் எழுதியதன்கீழ்க் கையொப்பமிடுபவராகவே நிற்பர். நம் பெண்மக்கள் பலர் நெடுங்காலம் அவ்வாறு நின்றனர். அந்நிலை நம் குழந்தைகளுக்கு வேண்டாம்.

ஆதலின், மதிப்பெண்களுக்குப் பரிசளிக்கும் நம் சங்கம், இப்பத்திரிகையில் மாதந்தோறும் ஒரு பக்கத்தைக் குழந்தைகள் தாமே எழுதியவற்றுக்கென ஒதுக்குமாறு வேண்டிக்கொள்கின்றேன். பெற்றோர்களும் வாரத்தில் ஒரு நாள், கால்மணி நேரம், சிவப்பு மையை ஒதுக்கிவைத்துக் குழந்தை எழுதியதை வாசித்துக் கேட்பார்களாக.