கடல் கடந்த கறிவேப்பிலை

பனைமலையாகிய இவ்வூரில் எழுந்தருளியிருக்கும் சுவாமிக்கும் தாளகிரீசுவரர் என்றே திருநாமம். இங்கே நுங்கும் கிழங்கும் நமக்கு அருமையல்ல. கறிவேப்பிலையையோ இலையோரத்தில் ஒதுக்கிவிடுகின்றோம். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிற் கப்பலேறி, இந்துமகா சமுத்திரத்திலுள்ள பிரெஞ்சுத் தீவாகிய ரெயூனியனின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்ற நம்மவர்க்கு அஃது அற்பமன்று. 1860-ஆம் வருஷத்து ஆங்கில-பிரெஞ்சு உடன்படிக்கையின்பின் பல்லாயிரவர் சென்றனர்; 1882-இல் ஆளனுப்புதல் நின்றது. அவர்தம் சந்ததியாரிற் பெரும்பாலோர் இன்று தமிழ் பேசார். ஆயினும் அடுக்களையிற் கறிவேப்பிலை ‘கலூப்பிலே’ என்றும், முருங்கைக்கீரை ‘முரூம்’ என்றும் வழங்கிவருகின்றன. கப்பலிற் சென்ற பாட்டி பேரனுக்குக் கற்பித்தது இலக்கணமன்று. ‘குழம்புக்கு நாலிலை பறித்துவா’ என்பதே போலும்!