பின் டயர் மட்டும் மாற்றப் போகிறீர்களா?

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் வருமான வரி பற்றிப் பேசுவார், இவர் ஏன் டயர் பற்றிப் பேசுகிறார் என்று பார்க்கிறீர்கள். ஓய்வுக்குப் பிறகு ஒரு ஹிமாலயன் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் என் தகுதி. நம் பேஸ்மென்ட்டில் இந்த மாதிரி உயரமான வண்டிகள் இப்போது ஐந்து நிற்கின்றன. அவற்றில் இரண்டில் முன்னால் ஒரு வகை டயர், பின்னால் வேறு வகை. யாருடையது என்று இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஒன்று ஜூலையில் லடாக் போகிறது, கணவனும் மனைவியுமாக. அதனால்தான் இந்த மாதமே பேசிவிடுகிறேன் என்று செயலாளரிடம் கேட்டுக்கொண்டேன்.

இந்தக் கலப்பு எப்படி வருகிறது? என்ஜின் இழுப்பது பின் சக்கரத்தை. மூட்டையும் பின்னால் உட்காருகிறவரின் எடையும் அதன் மேல்தான். ஆகவே பின் டயர் மொட்டையாகும்போது முன் டயரில் பாதி உயிர் மிச்சமிருக்கும். கடைக்காரர் சொல்வார்: "முன்னாடி நல்லாத்தான் சார் இருக்கு. மலைக்குப் போறீங்கல்ல, பின்னாடி மட்டும் பட்டன் டயர் போட்டுக்குங்க." காசும் மிச்சம், பார்க்கவும் கம்பீரம். யாருக்குத்தான் கசக்கும்?

கசக்கும் இடம் சரளையில் தெரியும். பெரிய பெரிய கட்டிகளாக நிற்கும் பட்டன் டயர் மண்ணைக் கடித்துப் பிடிக்கும். அதைப் பின்னால் போட்டால் வண்டி நன்றாக ஏறும், தைரியமாக உந்தும். ஆனால் முன்னால் இருப்பது பாதி தேய்ந்த ரோட்டு டயர். பின் சக்கரம் உந்துகிற வேகத்தில் வளைவுக்குள் போகும்போது முன் சக்கரம் திரும்ப மறுத்து நேராக வழுக்கும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி வாலை ஆட்டும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் நாம் யோசித்து முடிப்பதற்குள் தரையில் இருப்போம். பின்னால் இருப்பவருக்கு அந்த யோசிக்கும் நேரம்கூட இல்லை.

அனுபவசாலிகள் சிலர் கலக்கத்தான் செய்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் தலைகீழாகச் செய்வார்கள்: முன்னால் பட்டன், பின்னால் தார்ச் சாலைக்கான டயர். மண்ணில் முன் சக்கரம் பிடிக்கும், பின் டயர் சீக்கிரம் தேயாது. கணக்கு சரிதான். ஆனால் அதற்கும் ஒரு பற்று எழுத வேண்டும். பட்டன் டயரில் தார் மேல் படுகிற ரப்பர் குறைவு. பிரேக் பிடித்தால் கட்டிகள் நெளியும். மழையில் நனைந்த கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, பெரும்பாலான வேலையைச் செய்வது முன் பிரேக்தான். ஏ.பி.எஸ். சக்கரத்தைப் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். இல்லாத பிடிப்பை அது உண்டாக்கித் தராது.

இதுவரை சொன்னது வெளியே தெரிகிற பட்டன். உள்ளேயும் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய ஹிமாலயன் 411-இன் பின் டயரில் 120/90-17 என்று எழுதியிருக்கும். அந்தச் சின்னக் கோடு, உள்ளே இழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்வாகப் போகின்றன என்று சொல்கிறது. கோட்டின் இடத்தில் ஆங்கில ஆர் எழுத்து இருந்தால் அது ரேடியல். இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், பக்கச் சுவர் எளிதில் மடங்கும், சூடு குறைவு. இரண்டும் பாரத்தை ஏற்று மடங்குகிற விதம் வேறு. ஒன்று உடனே பதில் சொல்லும், மற்றது கொஞ்சம் தாமதித்துச் சொல்லும். வேகத்தில் வண்டி நெளிகிறதே என்று ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரைக் குறை சொல்வார்.

"அப்படியானால் ஹிமாலயன் 450-இல் கம்பெனியே கலந்து போட்டிருக்கிறதே?" என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. முன்னால் 90/90-21, பின்னால் 140/80 ஆர்17. முன்னால் சாய்விழை, பின்னால் ரேடியல். அந்த வண்டியையும் அந்த ஜோடியையும் சேர்த்துச் சோதித்து அவர்கள் தேர்ந்தெடுத்தது அது. நாமாகத் திருப்பிப் போட்டு, முன்னால் ரேடியல் பின்னால் சாய்விழை என்று வைத்தால் அந்தச் சோதனை நமக்குப் பொருந்தாது. கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுவே போகட்டும்.

மற்றதெல்லாம் சட்டென்று சொல்லிவிடுகிறேன். அளவுக்குப் பக்கத்தில் வேக எழுத்து இருக்கும்: க்யூ என்றால் மணிக்கு 160, எஸ் என்றால் 180, ஹெச் என்றால் 210. இரண்டு டயரில் குறைந்தது எதுவோ அதுதான் உங்கள் வண்டியின் எல்லை. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள்; 2224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரத்தில் செய்தது. கடையில் நெடுநாள் தூங்கிய டயரைத் தள்ளுபடியில் வாங்காதீர்கள். சுழலும் திசைக்கான அம்புக்குறியைப் பொருத்தும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். புது டயரின் மேல்தோல் வழுக்கும். முதல் 150 கிலோமீட்டர் நிதானம்.

லடாக் தம்பதிக்கு என் யோசனை இது. இங்கிருந்து மணாலி வரை 2,500 கிலோமீட்டருக்கு மேல் தார்ச் சாலை. பட்டன் டயர் போட்டால், அதற்கு வேலை வருகிற இடத்துக்குப் போய்ச் சேரும்போதே நன்றாகத் தேய்ந்திருக்கும். மணாலியிலிருந்து லே வரையிலும் பெரும்பகுதி தார்தான். நடுநடுவே உடைந்த சாலை, பனி உருகி ஓடும் ஓடைகள். ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர், ஒரே வகையில் ஜோடியாக, இரண்டும் புதிதாக இருந்தால் போதும். கழற்றிய பாதி முன் டயரைத் தூக்கிப் போட வேண்டாம். திரும்பி வந்த பிறகு, அதே வகைப் பின் டயரோடு சேர்த்து ஊருக்குள் ஓட்டித் தீர்த்துக்கொள்ளலாம். அந்தச் செலவு வீணாகாது.

கேள்விகள் இருந்தால் காபி குடித்துக்கொண்டே கேளுங்கள். டார்ச் கொண்டுவந்திருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் என்னோடு பேஸ்மென்ட்டுக்கு வந்தால், உங்கள் டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று சேர்ந்தே படித்துவிடலாம்.