ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஸ்கேன்
(நமது சங்கப் பொதுக்குழுவில் பேசியது)

மெயின்டனன்ஸ் பாக்கியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சிலர் பயந்திருப்பீர்கள். இல்லை, புராஸ்டேட் பற்றி. பெண்கள் இருக்கிறீர்களே என்று முதலில் தயங்கினேன். ஆனால் என்னை டாக்டரிடம் இழுத்துப் போனதே வீட்டம்மாதான்.

ராத்திரியில் நாலு தடவை எழுந்து போவேன். அந்தத் தொந்தரவு வேறு, புற்றுநோய் வேறு. இது ஆரம்பத்தில் சத்தமே காட்டாது என்று பிறகுதான் தெரிந்தது. பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் 22. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தது.

அதற்குப் பிறகுதான் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டியிருந்தால் படம் குழம்புமாம். ஆறு வாரம் காத்திருந்தேன், தூக்கமில்லாமல். முதலிலேயே எடுத்திருந்தால் எங்கே ஊசி போடுவது என்றும் தெரிந்திருக்கும்.

கட்டி சுரப்பியின் உறையைத் தாண்டியதா, பக்கத்து நரம்புகளை விட்டுவைக்கலாமா என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லும். உடம்பில் வேறெங்காவது பரவியதா என்று பார்க்க முன்பெல்லாம் எலும்பு ஸ்கேனும் சி.டி.யும்தான். எலும்பு ஸ்கேனில் மூட்டுத் தேய்மானம்கூடப் புள்ளியாகத் தெரிந்து மிரட்டும். இப்போது பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் இருக்கிறது. இந்தப் புற்றுநோய் செல்களின் மேல் அதிகமாக இருக்கும் ஒரு புரதத்தில் போய் ஒட்டும் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, சுமார் ஒரு மணி நேரம் கழித்துப் படம் எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 302 பேரிடம் ஒப்பிட்டு 2020-இல் முடிவை வெளியிட்டார்கள்: பழைய முறையின் துல்லியம் 65 சதவீதம், இதற்கு 92.

ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டது; இன்னொரு செலவு எதற்கு என்று இழுத்தேன். "பேங்கில் கேஷ் டேலி ஆகாம என்னைக்காவது வீட்டுக்கு வந்திருக்கீங்களா?" என்றாள். எடுத்தேன். இடுப்புக்குள் ஒரு நிணநீர் முடிச்சு ஒளிர்ந்தது. சுரப்பியை மட்டும் எடுத்திருந்தால் அது உள்ளேயே தங்கியிருக்கும். சர்ஜனும் கதிர் சிகிச்சை டாக்டரும் கலந்து பேசி, ஆபரேஷனை விட்டுவிட்டு ஹார்மோன் ஊசி, கதிர் சிகிச்சை என்று மாற்றினார்கள். இப்போது பி.எஸ்.ஏ. ஒன்றுக்கும் கீழே.

இதைக் கேட்டுவிட்டு எல்லோரும் பெட் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். பயாப்ஸியில் தீவிரம் குறைவு என்று வந்தவருக்குப் பொதுவாக அது தேவைப்படாது. "இந்த ஸ்கேனில் என்ன தெரிந்தால் என் சிகிச்சை மாறும்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எம்.ஆர்.ஐ.க்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

என் ஃபைல் முழுக்க வீட்டில் இருக்கிறது. பார்க்க விரும்புபவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள். காபி உண்டு.