தேர்வு பயம்: தங்கைக்குத் துணை நில்லுங்கள்!

(காட்டுமன்னார்கோயிலில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

பிள்ளையை நர்சிங் படிக்க அனுப்பிவிட்டு, ‘ஃபீஸ் கட்டிவிட்டேன், என் கடமை முடிந்தது’ என்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அத்தாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் சொல்கிறேன்.

பி.எஸ்ஸி. நர்சிங் நான்காண்டுப் படிப்பு. எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தனித்தனியே 50 சதவீதம் எடுத்தாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்த பிள்ளை, உடற்கூறு, மருந்தியல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்கிறாள். செய்முறைத் தேர்வில் முன்பின் பார்த்திராத தேர்வாளர் கேள்வி கேட்கிறார். கை நடுங்குகிறது. தெரிந்த பதிலும் வாயில் வர மறுக்கிறது. அரியர் விழுகிறது. உடனே நாம் என்ன சொல்கிறோம்? ‘படித்தது போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்’ என்கிறோம்! இது நியாயமா?

எனக்கும் இது நேர்ந்ததுண்டு. மதரஸாவில் இரவெல்லாம் மனனம் செய்த பாடம், உஸ்தாத் முன் அமர்ந்ததும் மறந்துபோகும். ‘தனியாக ஓதாதே, தினமும் என்னிடம் சத்தமாக ஒப்புவி’ என்றார் கூட ஓதிய நண்பர். சில வாரங்களில் நடுக்கம் விட்டது.

பயம் அறிவுக் குறைவல்ல. பயந்தால் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கவனம் பாடத்தை விட்டு ‘தோற்றுவிட்டால்?’ என்பதிலேயே நிற்கிறது. ‘பயப்படாதே’ என்ற வெறும் வார்த்தை இதைப் போக்காது. பழக்கம்தான் போக்கும்.

எனவே, இன்றிரவே கடை அடைத்து வந்ததும் நீங்களே தேர்வாளராக உட்காருங்கள். புத்தகத்தைக் கையில் வைத்துக் கேள்வி கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் வராவிட்டால், ‘ரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி? என் கையிலேயே செய்து காட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்’ என்று கேளுங்கள்.

தேர்வுக்கு முந்தைய இரவு அவளைத் தூங்க விடுங்கள். கட்டிய பணத்தைச் சொல்லிக் காட்டாதீர்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள். தேர்வுக்குச் சற்று முன் மனக்கவலைகளைப் பத்து நிமிடம் தாளில் எழுதிய மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக, 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் அமெரிக்க ஆய்வொன்று வெளியானது. செலவில்லாத வைத்தியம்!

அதற்கும் அடங்காமல், சாப்பாடு இறங்காமல், வாழ்வே வேண்டாம் என்று பேசினால் தாமதிக்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

சகோதரர்களே! வியாபாரத்தில் ஒரு வருடம் நஷ்டம் வந்தால் கடையை மூடிவிடுகிறோமா? ஓர் அரியருக்காகப் பிள்ளையின் படிப்பை மூடாதீர்கள். மறுபடி எழுதட்டும். நாளை நம் தாய்மார்களின் கட்டிலருகே நிற்கப்போகும் கை அது. அந்தக் கை நடுங்காமல் இருக்க, இன்று நாம் துணை நிற்போம்!